நாலடிக் குடலும் நாலு கரண்டிப் பொங்கலும்

சரசுவின் மூக்கை ஏமாற்றியவர்கள் அடி அண்ணாமலையில் யாரும் கிடையாது. கிரிவலப் பாதையில் இருக்கும் தன் பெட்டிக்கடையில் உட்கார்ந்தபடியே, எதிர்வீட்டில் குழம்பு அடிபிடிக்கிறது என்று குரல் கொடுப்பாள். மலை சுற்ற வருகிற கூட்டத்தில் எவன் ஊற்றிக்கொண்டு வருகிறான் என்று பத்தடி தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள். அப்பேர்ப்பட்ட மூக்கு சொந்தப் புருஷன் விஷயத்தில் மட்டும் ஆறேழு மாதமாக அவளைக் கைவிட்டிருந்தது.

"ஊதுங்க."

சகாதேவன் ஊதினான். சீரகத் தண்ணீர் வாசம் வந்தது. அது அவளே காலையில் காய்ச்சிக் கொடுத்தது.

"நல்லா ஊதுங்க."

இன்னும் பலமாக ஊதினான். ஊதிய வேகத்தில் பின்னால் சாய்ந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். கண் சொருகியிருந்தது. "நா... குடிக்க...ல சரசு" என்று சொல்வதற்குள் நாக்கு நாலு இடத்தில் தடுக்கி விழுந்தது. இப்படி நின்றுகொண்டு குடிக்கவில்லை என்று சொன்னால் யார்தான் நம்புவார்கள்?

சரசு உள்ளே போய், மகள் ஆர்த்தியின் பேனாவை எடுத்து, சுவரில் தொங்கிய காலண்டரில் அன்றைய தேதி மேல் பெருக்கல் குறி போட்டாள். ஆவணி மாதத்துக்கான குறி அது. மாசியில் ஆரம்பித்து ஆறாவது.

அவள் சந்தேகப்பட்டதில் தப்பு இல்லை. சகாதேவன் ஒரு காலத்தில் நிஜமாகவே குடித்தவன்தான். திருவண்ணாமலையில் மல்லாட்டை என்று ஊரில் சொல்கிற வேர்க்கடலை மண்டி ஒன்றில் எடை போடும் வேலை அவனுக்கு. பகலெல்லாம் தராசைப் பிடித்த கை சாயங்காலம் கிளாஸைப் பிடிக்கும். தொண்ணூற்றாறில் ஒருநாள் சரசு அவனைப் பச்சையம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சூடத்தை ஏற்றிவைத்தாள். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணினான். கையில் கொப்புளம் வந்தது. அதற்குப் பிறகு ஒரு சொட்டுத் தொடவில்லை.

மூன்று வருஷம் நிம்மதியாகப் போயிற்று. அப்புறம் ஒருநாள் மண்டியில் மூட்டை மேலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டான். குடல் முறுக்கு. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்தபோது சிறுகுடலில் பெரும்பகுதி கறுத்துப்போயிருந்தது. வெட்டி எடுத்தார்கள். எல்லாருக்கும் இருபது அடி இருக்கிற இடத்தில் அவனுக்கு நாலடிதான் மிஞ்சியது. பிழைப்பானோ மாட்டானோ என்று டாக்டர்களே கையை விரித்த அந்தப் பத்து நாளும் சரசு ஆஸ்பத்திரி வாசலில் கிடந்தாள். அங்கே உட்கார்ந்துதான் அண்ணாமலையாருக்கு நேர்ந்துகொண்டாள். இந்த மனுஷன் எழுந்து நடந்தால் பன்னிரண்டு பௌர்ணமிக்கு மலை சுற்றுகிறவர்களுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுப்பேன், பிழைத்தவன் கையாலேயே முதல் தொன்னையைக் கொடுத்து, பிழைத்தவனுக்கே முதல் இலையையும் போடுவேன்.

பிழைத்தான். ஒரு வருஷம் கழித்து, எலும்பும் தோலுமாக, ஆனால் சொந்தக் காலில் நடந்து மண்டிக்கும் போனான். ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்: கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை, இனிப்பு கம்மி, சோறு கம்மி. சரசு அந்தக் காகிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி, அதில் இருந்தபடியே இம்மி பிசகாமல் சோறு போட்டாள். நேர்த்திக்கடனையும் தை மாதப் பௌர்ணமியில் ஆரம்பித்தாள்.

இதெல்லாம் நல்லபடியாக நடந்துகொண்டிருக்கும்போதுதான் அவன் மறுபடி தள்ளாட ஆரம்பித்தான். மாதத்துக்கு ஒரு தடவை, சொல்லிவைத்தாற்போல், பௌர்ணமிக்கு மறுநாள். தையில் வந்தபோது அசதி என்று விட்டுவிட்டாள். மாசியில் வந்தபோது பேனாவைத் தேடினாள்.

பௌர்ணமிக்கு ஊரே திருவிழாக்கோலமாக இருக்கும். லாட்ஜுகள் நிரம்பி வழியும், பழைய கூட்டாளிகள் எல்லாம் ஊருக்குள் வந்து இறங்குவார்கள். அவர்களில் எவனோ ஊற்றிக் கொடுக்கிறான் என்று முடிவு கட்டினாள் சரசு. வாசம் வராததற்கு அவளுடைய அண்ணன் சக்கரவர்த்தி விளக்கம் வைத்திருந்தார். கீழ்பென்னாத்தூரில் உரக்கடை வைத்திருக்கிறவர், எல்லா விஷயத்திலும் ஒரு கருத்து உள்ளவர்.

"வோட்கான்னு ஒண்ணு இருக்குதும்மா. ரஷ்யாக்காரன் சரக்கு. குடிச்சா வாசமே வராது. மாப்ள அதைப் புடிச்சுட்டாரு."

நாலடிக் குடலை வைத்துக்கொண்டு மல்லாட்டை மண்டி ஆள் ரஷ்யாக்காரன் சரக்குக்கு எங்கே போவான் என்று யாரும் கேட்கவில்லை. போதை தெளிவதற்காகச் சரசு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, நிறையச் சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொடுப்பாள். அதற்கும் தெளியாவிட்டால் கட்டித் தயிரில் சர்க்கரை போட்டுக் கொடுப்பாள். திட்டிக்கொண்டேதான் கொடுப்பாள். ஒருநாளில் போகவேண்டிய மயக்கம் இரண்டு நாள், மூன்று நாள் என்று இழுத்தது.

ஆவணிக் குறி போட்ட மறுவாரம் சக்கரவர்த்தி வந்து உட்கார்ந்தார். தெளிந்து, குளித்து, சட்டை போட்டுக்கொண்டு எதிரில் நின்றான் சகாதேவன்.

"அண்ணா, நீங்களே கேட்டுக்குங்க," என்றாள் சரசு. "சாமி சத்தியத்தையே மீறிட்டாரு. இனி ஒரே ஒரு தடவ. புரட்டாசில இப்படி வந்து நின்னாருன்னா ஆர்த்திய இட்டுகினு நான் உங்க வீட்டுக்கு வந்துட்றேன். அப்புறம் இந்த வாசப்படி ஏற மாட்டேன்."

சும்மா சொல்லவில்லை. அவள் சொன்னால் செய்கிறவள் என்பது அங்கே இருந்த மூன்று பேருக்கும் தெரியும். துணி வைக்கிற டிரங்குப் பெட்டியைப் பரணிலிருந்து ஏற்கனவே இறக்கி வைத்திருந்தாள்.

சகாதேவன் சண்டை போடவில்லை. தன் வலது கையை விரித்துப் பார்த்தான். "சூடம் அணைச்ச கையி இது மச்சான். வேற இன்னா சொல்றதுன்னு எனக்குத் தெரில," என்றான். பிறகு யாரையும் பார்க்காமல், "சில நேரம் எனக்கே சந்தேகமா இருக்குது. தூக்கத்துல எழுந்து போய்க் குடிச்சுட்டு வரேனோன்னு," என்றான். அதைக் கேட்டதும் சரசு எழுந்து பெட்டிப் பக்கம் போய் நின்றாள். இருந்தாலும் பெட்டியைத் திரும்பப் பரணில் ஏற்றவில்லை.

புரட்டாசிப் பௌர்ணமி வந்தது. இந்தத் தடவை அவனைக் கண்ணில் வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தாள். மண்டிக்கு அனுப்பவில்லை. பொழுது சாயும் நேரத்தில் கடை முன்னால் அண்டாவில் பொங்கல் பொங்கியது. வெல்லமும் நெய்யும் ஏலக்காயும் மணக்க, மலையைப் பார்த்துக் கற்பூரம் காட்டினாள். முதல் தொன்னையைச் சகாதேவன் கையால் ஒரு சந்நியாசிக்குக் கொடுக்கவைத்தாள். பிறகு வாழையிலையை விரித்து அவனை உட்காரவைத்து நாலு கரண்டி போட்டாள். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் கரண்டியில் குறை வைக்கிறவள் இல்லை அவள். ஒவ்வொரு கரண்டியையும் முந்திரி இருக்கிற இடமாகப் பார்த்து எடுத்தாள்.

"போதும் சரசு."

"பிரசாதத்த வேணான்னு சொல்லக்கூடாது. சாப்டுங்க."

சாப்பிட்டான். பானகமும் குடித்தான்.

அன்றைக்கு ராத்திரி முழுக்க வீட்டை விட்டு வெளியே விடவில்லை. மறுநாள் காலையில் ஆர்த்தியைப் பள்ளிக்கூடம் அனுப்பியதும் கதவைச் சாத்தி, உள்பக்கமாகப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். கடையையும் திறக்கவில்லை. சகாதேவன் முறத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டு, "ஜெயில்ல போட்டுட்டியே" என்று சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

பதினோரு மணி இருக்கும். உரித்துக்கொண்டிருந்த கை தடுமாறி முறம் கவிழ்ந்தது.

"சரசு," என்றான். "வர்...து. அது வர்து."

எழுந்து நிற்கப் பார்த்தான், சுவரில் மோதினான். கண் சொருகியது. அதே நாக்கு, அதே தள்ளாட்டம். சரசு கதவைப் பார்த்தாள். பூட்டு பூட்டியபடி இருந்தது. இடுப்பைத் தொட்டாள், சாவி இருந்தது. கட்டிலுக்கு அடியில் பார்த்தாள், அரிசிப் பானைக்குள் கையை விட்டுத் துழாவினாள், கூரை இடுக்கு, தண்ணீர்க் குடம், அவன் தலையணை எல்லாவற்றையும் புரட்டினாள். ஒன்றும் இல்லை. நேற்றிலிருந்து இந்த மனுஷன் அவள் பார்வையைத் தாண்டி ஒரு நிமிஷம் போகவில்லை.

அவன் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க குடிக்கல," என்றாள்.

இத்தனை மாதத்தில் அவள் இதைச் சொன்னது இதுதான் முதல் தடவை. அந்த மயக்கத்திலும் அவனுக்கு அது கேட்டது. வாய் கோணச் சிரித்தான், கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. சரசுவுக்கு அழுகையும் பயமும் ஒன்றாக வந்தன. குடியாக இருந்தாலாவது திட்டலாம். இது என்னவென்றே தெரியவில்லை.

பக்கத்து வீட்டு முருகையன் வேன் வைத்திருந்தார். அவனை அதில் படுக்கவைத்து வேலூருக்குக் கிளம்பினாள். கிளம்பும்போது காலண்டரையும் ஆணியிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டாள். எந்தெந்த நாளில் வந்தது என்று டாக்டர் கேட்டால் சொல்லவேண்டுமே.

எழில் என்ற இளம் டாக்டர் பார்த்தார். இரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு, முடிவு வந்ததும் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"சாராயம் ஒரு சொட்டு இல்லம்மா ரத்தத்துல. ஆனா அமிலம் ரொம்ப ஜாஸ்தியா இருக்குது. நேத்து என்ன சாப்பிட்டாரு?"

சரசு வரிசையாகச் சொன்னாள். காலையில் ஒரு இட்லி, பத்து மணிக்கு மோர் ஒரு டம்ளர், மத்தியானம் ஒரு கைப்பிடிச் சோறு, ரசம், நெய். காகிதத்தில் எழுதியபடிதான்.

"இனிப்பு ஏதாவது?"

"இல்லவே இல்லீங்க. நீங்க எழுதிக் குடுத்ததிலேர்ந்து இனிப்பே குடுக்கறதில்ல."

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். சரசு காலண்டரை விரித்துக் காட்டினாள். எழில் தாளைப் புரட்டினார். மாசியிலிருந்து ஒவ்வொரு மாதத்திலும் பௌர்ணமிக்கான வெள்ளை வட்டமும் அதற்கு அடுத்த கட்டத்தில் பெருக்கல் குறியும் இருந்தன. வைகாசியில் வட்டம் மட்டும் இருந்தது.

"வைகாசில ஏன் வரல?"

"அப்ப எங்க பங்காளி வீட்ல ஒரு சாவுங்க. தீட்டு. பொங்கல் வெக்கல."

"என்ன பொங்கல்?"

சரசு நேர்த்திக்கடனைச் சொன்னாள். ஆஸ்பத்திரி வாசலில் வேண்டிக்கொண்டதிலிருந்து முந்திரி பார்த்துப் போட்ட கரண்டி வரைக்கும் சொன்னாள், கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். டாக்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு கரண்டி சர்க்கரைப் பொங்கல். பானகம். இனிப்பே குடுக்கலன்னு சொன்னீங்களேம்மா."

"அது சாப்பாடு இல்லீங்களே," என்றாள் சரசு, புரியாமல். "அது பிரசாதம்."

அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. திருவண்ணாமலையில் சர்க்கரை வியாதிக்காரர் யாரையாவது நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். காப்பியில் சர்க்கரை வேண்டாம் என்பார், கோயில் பொங்கலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முழுசாகச் சாப்பிடுவார். சாமி கொடுத்தது சங்கடம் செய்யாது என்பது இங்கே எல்லாருக்கும் உள்ள நம்பிக்கை.

எழில் சிரிக்கவில்லை. நிதானமாக விளக்கினார்.

"எல்லார் வயித்துலயும் கோடிக்கணக்குல பாக்டீரியா இருக்குது. பெரும்பாலும் பெருங்குடல்ல. நமக்கு நல்லது செய்யறதுதான். சாப்பிட்டது சிறுகுடல்லயே செரிச்சுடறதால அதுங்களுக்கு மிச்சம் மீதிதான் போய்ச் சேரும். இவருக்கு நாலடிதானே இருக்குது. மொத்தமா இனிப்பு சாப்பிட்டா, செரிக்காம அப்படியே கீழ போய்க் கொட்டுது. அதைத் தின்னு ஒரு கூட்டம் மட்டும் எக்கச்சக்கமாப் பெருகி, எல்லாத்தையும் புளிக்க வெச்சு அமிலமா ஆக்கிடுது. பால் தயிரா புளிக்குதில்ல, அதே வகையறாதான். அதுல ஒரு தினுசு அமிலத்தை நம்ம உடம்பால சீக்கிரம் கரைக்க முடியாது. அது ரத்தத்துல ஏறி மூளைக்குப் போச்சுன்னா நாக்கு குழறும், கால் தடுமாறும். பாக்கறவங்களுக்குக் குடிச்ச மாதிரிதான் தெரியும். இது அபூர்வம்மா. நானே இப்பத்தான் முதல்ல பாக்கறேன்."

"தெளியறதுக்குன்னு எலுமிச்சம்பழத்துல சர்க்கரை போட்டுக் குடுத்தேனே... தயிர்ல சர்க்கரை..."

"அதுங்களுக்கு விருந்து."

கையில் ட்ரிப் ஏறிக்கொண்டிருக்கத் தூங்குகிற புருஷனைப் பார்த்தாள் சரசு.

"அப்ப நான்தான் ஊத்திக் குடுத்துட்டு, நானே ஊதச் சொன்னேனா?"

"நீங்கதான் காலண்டர்ல எழுதி வெச்சிருக்கீங்க," என்றார் எழில். "இது இல்லன்னா நாங்களும் கண்டுபிடிச்சிருக்க மாட்டோம்."

இரண்டு நாள் வாய்வழியாகச் சாப்பாடு ஒன்றும் கொடுக்காமல் வயிற்றைக் காயப்போட்டார்கள். பெருகிய கூட்டத்தைக் கம்மி பண்ண மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாவது நாள் சகாதேவன் எழுந்து உட்கார்ந்து, தெளிவான குரலில், "பசிக்குது சரசு" என்றான். சரசு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

திரும்புகிற பஸ்ஸில் அவன் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. "வீட்டுல வெச்சுப் பூட்னியே, அது நல்லதாப் போச்சு," என்று மட்டும் சொன்னான். திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக டிரங்குப் பெட்டியைப் பரணில் ஏற்றினாள். ஆர்த்தி கீழே நின்று, "நல்லா உள்ள தள்ளும்மா" என்றாள்.

சக்கரவர்த்தி ஒரு சீப்பு மலைவாழைப் பழத்தோடு பார்க்க வந்தார். சரசு பழத்தை வாங்கி அப்படியே முருகையன் வீட்டுக்கு அனுப்பினாள். ரஷ்யாக்காரனைப் பற்றி அவர் அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளையிடம் மட்டும், "உன் வயித்துக்குள்ளயே ஒரு டிஸ்டிலரி இருக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்," என்று முணுமுணுத்தார். சகாதேவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

நேர்த்திக்கடனில் இன்னும் நாலு பௌர்ணமி பாக்கி இருந்தது. சரசு பொங்கலை நிறுத்தவில்லை. பிழைத்தவனுக்கு முதல் இலை என்று நேர்ந்துகொண்டதற்கு என்ன செய்வது என்று மலையைப் பார்த்து யோசித்தாள். புருஷன் பிழைத்ததால் பிழைத்தது தானும்தானே என்று பட்டது. ஐப்பசியிலிருந்து முதல் இலையில் அவள் உட்கார்ந்தாள், அவன் பரிமாறினான். நாலு கரண்டிக்குக் குறையாமல் போட்டான். மார்கழிக்குள் ரவிக்கையெல்லாம் பிரித்துத் தைக்கவேண்டியதாயிற்று. அவனுக்கு ஓரமாகச் சின்னப் பானையில் உப்புப் பொங்கல், மிளகும் சீரகமும் நெய்யும் போட்டு, ஒரே ஒரு கரண்டி. அதைச் சாமிக்குக் காட்டித்தான் கொடுத்தாள். பிரசாதத்தையும் இப்போதெல்லாம் அளந்துதான் போடுகிறாள்.

ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று, மார்கழியும் போயிற்று. காலண்டரில் வட்டங்கள் மட்டும் இருந்தன.

தைப் பௌர்ணமியன்று காலையில், பன்னிரண்டாவது பொங்கலுக்கு முன்னால், சரசு சகாதேவனைப் பச்சையம்மன் கோயிலுக்குக் கூப்பிட்டாள். அங்கே போய் ஒரு சூடத்தைத் தரையில் வைத்து ஏற்றினாள். சுடர் நன்றாக எழும்பும்வரை பொறுத்திருந்தாள்.

"நீங்க அன்னிக்கு அணைச்சீங்க, நான் நம்பல," என்றாள். "சாமி முன்னாடி குடுத்த வார்த்தைய நீங்க காப்பாத்திகினுதான் இருந்தீங்க. நான்தான் ஊரெல்லாம் சொல்லி உங்க மானத்த வாங்குனேன். இனிமே இந்த வாயால உங்கள ஊதுங்கன்னு கேக்க மாட்டேன். சத்தியம்."

உள்ளங்கையால் அடித்தாள். சூடம் அணைந்தது. அவனுக்கு வந்த இடத்திலேயே அவளுக்கும் கொப்புளம் வந்தது. சகாதேவன் அந்தக் கையைப் பிடித்துக் குழாயடிக்குக் கூட்டிப்போய்த் தண்ணீரில் வைத்தான்.

சாயங்காலம் பொங்கல் நன்றாகப் பொங்கியது. எண்ணி முடியாத பேர் வாங்கிச் சாப்பிட்டுப் போனார்கள். கடன் தீர்ந்தது.

மறுநாள் விடிந்ததும் சரசு கடை வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். பௌர்ணமிக்கு மறுநாள். எத்தனை சத்தியம் பண்ணினாலும் பழக்கம் விடுமா? சகாதேவன் பல் விளக்கிவிட்டு வருவதை ஓரக்கண்ணால் பார்த்தாள். நேராக நடக்கிறானா என்று பார்த்தாள். நாக்கு நுனி வரைக்கும் அந்த வார்த்தை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் வேகமாகக் கூட்டினாள்.

அவன் நேராகத்தான் வந்தான். அவள் எதிரில் வந்து நின்று, துடைப்பத்தை வாங்கிச் சுவரில் சாத்தினான். குனிந்து, அவள் கேட்காமலேயே, முகத்துக்கு நேராக ஊதினான்.

சீரகம் மணத்தது. கொஞ்சம் நெய்யும் மணத்தது.